அலமாரியின் பூட்டைத் திறந்தவர்

நூலக மேதை எஸ். ஆர். ரங்கநாதனின் வாழ்க்கை

காஞ்சிபுரம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கோவில், அடுத்தது பட்டு. ஏகாம்பரநாதரையும் வரதராஜப் பெருமாளையும் சேவித்துவிட்டுப் பட்டுக் கடைக்குள் நுழையாமல் ஊர் திரும்புகிறவர்கள் மிகக் குறைவு. கடையில் பாயை விரித்து உட்கார வைக்கிறார்கள். கடைக்காரர் சுவரோரமாக நிற்கும் மர அலமாரியைத் திறந்து, மடிப்புக் கலையாமல் ஒவ்வொரு சேலையாக எடுத்துப் போடுகிறார். உள்ளே இன்னும் என்னென்ன இருக்கின்றன என்பது அவர் ஒருவருக்கே தெரியும். கேட்டால் வரும்; கேட்கத் தெரியாதவருக்கு வராது. விலையுயர்ந்த சரக்கு என்பதால் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, நம் நாட்டில் புத்தகத்துக்கும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. தேக்கு மரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அழகான பீரோக்கள். அவற்றுக்குப் பித்தளைப் பூட்டுகள். பூட்டுக்குச் சாவி ஒருவர் இடுப்பில். படிக்க வந்தவர் கண்ணாடி வழியாகப் புத்தகத்தின் முதுகைப் பார்த்துக் கொண்டு நிற்கலாம். கை படக் கூடாது. அந்தப் பூட்டைத் திறந்து வைத்தவர், சோழ நாட்டுச் சீர்காழியில் பிறந்த ஒரு கணித ஆசிரியர். அவர்தான் எஸ். ஆர். ரங்கநாதன்.

காஞ்சியில் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் நெசவாளி வீட்டு வரி செலுத்தும்போது, அதனுடன் ஒரு சிறு தொகை நூலக வரியாகவும் சேர்ந்து போகிறது. அந்த வரிக்கும் மூலபுருஷர் அவரே. உலகம் முழுவதும் நூலகத் துறையில் உள்ளவர்கள் பெயரைக் கேட்டதும் தலை வணங்கும் இந்தத் தமிழரைப் பற்றி நம்மவர்களில் அறிந்தவர்கள் சிலரே.

கணக்கு வாத்தியார்

1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சீர்காழியில் பிறந்தார் ரங்கநாதன். தந்தை ராமாமிருத ஐயர் சிறிது நிலபுலன் உள்ளவர், நல்ல படிப்பாளி. குழந்தைக்கு ஆறு வயதாகும்போதே அவர் காலமாகி விட்டார். தந்தையை இழந்த பிள்ளை சீர்காழி சபாநாயக முதலியார் ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பேச்சில் சற்றுத் திக்கல் உண்டு. ஆனால் கணக்கில் திக்கல் இல்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து 1913இல் பி.ஏ. பட்டமும், 1916இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அங்கே அவருக்கு வாய்த்த குரு எட்வர்ட் ராஸ் என்னும் கணிதப் பேராசிரியர். குருவின் மீது ரங்கநாதன் கொண்டிருந்த பக்தி கடைசி வரையில் குறையவே இல்லை.

சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று கணிதம் போதித்து வந்தார். மாணவர்களைக் கேள்வி கேட்க வைத்து, அவர்களே விடை காணும்படி செய்யும் ஆசிரியர். இந்தத் தொழிலிலேயே ஆயுளைக் கழித்துவிட எண்ணியிருந்தவர்தான்.

விதி வேறு விதமாக இருந்தது. சென்னைச் சர்வகலாசாலை தன் நூலகத்துக்கு ஒரு நூலகரை நியமிக்க விரும்பியது. ஏறத்தாழ 900 பேர் மனுச் செய்தார்கள். நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களில் ஒருவரும் இல்லை. அத்தகைய படிப்பே அப்போது இங்கே இல்லாதபோது பயிற்சி எங்கிருந்து வரும்? நண்பர்கள் வற்புறுத்தியதால் மனுப் போட்ட ரங்கநாதன், நேர்முகத் தேர்வுக்குச் சில நாட்கள் முன்புதான் கலைக் களஞ்சியத்தில் நூலகம் என்ற கட்டுரையைப் படித்துக் கொண்டாராம். உத்தியோகம் அவருக்கே கிடைத்தது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

சிறைவாசம்

பொறுப்பேற்ற சில நாட்களுக்குள்ளேயே மனம் கசந்து விட்டது. எழும்பூரில் கன்னிமரா நூலகக் கட்டடத்தில் சர்வகலாசாலையின் புத்தகங்களும் இருந்தன. கலகலவென்று மாணவர்கள் நிறைந்த வகுப்பில் பேசிப் பழகியவருக்கு, ஆள் அரவமற்ற அந்த அறை சிறைவாசம் போல இருந்தது. காலை முதல் மாலை வரையில் பீரோக்களும் அவருமாக உட்கார்ந்திருக்க வேண்டும். மாநிலக் கல்லூரிக்கு ஓடி, பழைய வேலையையே திரும்பத் தரும்படி முதல்வரிடம் மன்றாடினார். இங்கிலாந்துக்குப் போய்ப் பயிற்சி பெற்று வரும்படியும், அப்போதும் பிடிக்காவிட்டால் கல்லூரிக்கே வந்துவிடலாம் என்றும் சமாதானம் சொல்லி அனுப்பினார் அவர். இந்த ஒரு நிபந்தனையின் பேரில்தான் ரங்கநாதன் கப்பல் ஏறினார்.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் நூலகப் படிப்பு. அங்கே பெர்விக் சேயர்ஸ் என்பவர் ஆசிரியர். கிராய்டன் நகர நூலகத்தின் தலைவரும் அவரே. ரங்கநாதன் கிராய்டன் நூலகத்தில் கூடவே இருந்து வேலை பழகினார். பிறகு ஏறத்தாழ நூறு நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார்.

அங்கே அவர் கண்ட காட்சிகள் அவரை மாற்றி விட்டன. ஆலைத் தொழிலாளியும், வீட்டு வேலை செய்யும் பெண்ணும், பள்ளிச் சிறுவனும் நூலகத்துக்குள் தங்கள் வீட்டுக்குள் போவது போலப் போகிறார்கள். அலமாரிக்குக் கதவு இல்லை. வேண்டிய புத்தகத்தைத் தாங்களே எடுத்துப் புரட்டுகிறார்கள், பிடித்தால் கொண்டு போகிறார்கள், திருப்பித் தருகிறார்கள். ஒரு தேசத்தின் அறிவு எங்கிருந்து வளர்கிறது என்பது அவருக்குத் தெரிந்து விட்டது. மாநிலக் கல்லூரி நாற்காலியை அதன் பிறகு அவர் நினைக்கவே இல்லை.

பொம்மைக் கடையில் பிறந்த யோசனை

ஆனால் ஒரு விஷயம் அவர் மனத்தை உறுத்திக் கொண்டே இருந்தது. புத்தகங்களை எந்த வரிசையில் அடுக்குவது?

பழைய நூலகங்களில் புத்தகத்தின் விலாசம் அலமாரியைச் சேர்ந்தது. ஏழாவது பீரோ, மூன்றாவது தட்டு, 21ஆவது புத்தகம் என்று எண் போட்டு விடுவார்கள். அந்த இடம் அதற்குச் சாசுவதம். இப்போது வான சாஸ்திரத்தில் ஒரு புதிய நூல் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். ஏழாவது பீரோவில் இடமில்லை. ஆகவே அது கடைசி பீரோவுக்குப் போகும். அடுத்த ஆண்டு வருவது அதற்கும் அப்பால் போகும். நாளடைவில் வான சாஸ்திரம் மூன்று அறைகளில் சிதறிக் கிடக்கும். அவற்றை ஒன்று சேர்க்க வேண்டுமானால் எல்லாப் புத்தகங்களின் எண்ணையும் அழித்து எழுத வேண்டும்.

அமெரிக்கரான மெல்வில் டூயி என்பவர் 1876இல் இதற்குப் பரிகாரம் கண்டிருந்தார். எண்ணை அலமாரிக்குக் கொடாமல் நூலின் பொருளுக்குக் கொடுத்தார். அறிவை எல்லாம் பத்துப் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாகப் பிரித்துக் கொண்டே போவது அவர் முறை. புத்தகங்கள் நகரலாம், வரிசை மாறாது. ஆனால் இரண்டு மூன்று பொருள்கள் கலந்த நூலுக்கு அந்த முறையில் சரியான இடம் அகப்படவில்லை என்பதை ரங்கநாதன் கண்டார். நம் நாட்டுத் தத்துவங்களுக்கும் சமயங்களுக்கும் ஒரு மூலையில் சிறு இடமே கிடைத்தது.

இந்த யோசனையிலேயே மூழ்கியிருந்தவர் ஒருநாள் லண்டனில் செல்ஃப்ரிஜ் என்னும் பெரிய கடைக்குப் போனார். குழந்தைகளுக்கான மெக்கானோ விளையாட்டுச் சாமானை அங்கே ஒருவர் செய்து காட்டிக் கொண்டிருந்தார். ஓட்டைகள் போட்ட சில இரும்புப் பட்டைகள், சில சக்கரங்கள், கொஞ்சம் திருகாணிகள், அவ்வளவுதான். இவற்றை ஒரு விதமாக முடுக்கினால் பாலம். கழற்றி வேறு விதமாக முடுக்கினால் வண்டி. ரங்கநாதனின் மூளையில் மின்னல் அடித்தது. எல்லாப் புத்தகங்களுக்கும் முன்கூட்டியே எண் தயாரித்து வைப்பானேன்? துண்டுகளை மட்டும் தயாரித்து வைத்தால் போதாதா? புத்தகம் வரும்போது வேண்டிய துண்டுகளை இணைத்துக் கொள்ளலாமே!

காஞ்சிப் பட்டு நெசவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், முந்தானைக்கு ஒரு நிறம் என்று வைத்துக் கொண்டால், சில நிறங்களைக் கொண்டே எண்ணற்ற சேலைகளை நெய்து விடலாம். ரங்கநாதனின் முறையில் இணைக்கும் நூலாக அமைந்தது கோலன் என்னும் முக்காற்புள்ளி. மருத்துவத்துக்கு ஆங்கில எழுத்து எல், நுரையீரலுக்கு 45, காச நோய்க்கு 421. நுரையீரல் காசத்தைப் பற்றிய நூல் வந்தால் எல் 45, ஒரு முக்காற்புள்ளி, 421. தீர்ந்தது. ஊர் திரும்பும் கப்பல் பயணத்திலேயே இதற்கு வரைவு எழுதத் தொடங்கி விட்டார். கோலன் பகுப்பு முறை 1933இல் நூலாக வெளிவந்தது.

தச்சருக்கும் ஒரு சாஸ்திரம்

1925இல் சென்னைக்குத் திரும்பிய ரங்கநாதன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, வாசகர்களை அலமாரியின் அருகில் விட்டது. சுற்றியிருந்தவர்களுக்கு அச்சம். புத்தகம் திருட்டுப் போய்விடாதா? பக்கங்களைக் கிழித்து விட மாட்டார்களா? இந்த அச்சத்தில் அர்த்தம் இல்லாமலும் இல்லை. அந்நாளில் ஒரு புத்தகம் காணாமற்போனால் நூலகரின் சம்பளத்தில் கை வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படியிருக்க, எந்த நூலகர் துணிந்து பூட்டைத் திறப்பார்? நான்கு புத்தகம் போனாலும் நாலாயிரம் புத்தகம் படிக்கப்படுவது மேல் என்பது ரங்கநாதனின் கட்சி. பூட்டி வைத்த புத்தகம் களவு போகாமல் இருக்கலாம். ஆனால் அது யாருக்கும் கிடைக்காமலே போய்விட்ட புத்தகம் அல்லவா?

கதவைக் கழற்றினால் மட்டும் போதாது. அலமாரியின் உருவமே மாற வேண்டும் என்றும் அவர் கண்டார். பழைய பீரோக்கள் பார்வைக்காகச் செய்யப்பட்டவை. மேல் தட்டு கூரையைத் தொடும். ஏணி போட்டு ஏற வேண்டும். அடித் தட்டு தரையோடு தரையாக இருக்கும். கரையானுக்கும் ஈரத்துக்கும் வசதி. ரங்கநாதன் நூலகச் சாமானைக் கணக்கு வாத்தியாரின் கண்ணோடு பார்த்தார். நடுத்தர உயரமுள்ள மனிதன் நின்றபடி கையை நீட்டினால் மேல் தட்டு எட்ட வேண்டும். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒருவர் புத்தகம் பார்க்கும்போது இன்னொருவர் இடிக்காமல் போக வழி வேண்டும். ஜன்னல் வெளிச்சம் புத்தகத்தின் முதுகில் விழும்படி அலமாரி நிற்க வேண்டும்.

இங்கே தச்சர்களின் அனுபவமும் சேர்ந்து கொண்டது. காகிதத்தின் கனம் மரத்துக்குத் தெரியும். பலகை மூன்றடிக்கு மேல் நீண்டால் நடுவில் தொய்ந்து விடும். ஆகவே அளவான பலகைகள். பெரும்பாலான புத்தகங்கள் 10 அங்குல உயரத்துக்குள் அடங்கி விடும். சில மட்டும் அதைத் தாண்டும். எனவே தட்டுகளை ஆணியடித்து நிறுத்தாமல், வேண்டியபோது ஏற்றவும் இறக்கவும் வசதி இருக்க வேண்டும். ஒரே அளவில் செய்த அலமாரிகளானால், புத்தகம் பெருகும்போது இன்னொன்றைப் பக்கத்தில் நிறுத்தி வரிசையை நீட்டிக் கொள்ளலாம்.

பட்டியலுக்கும் தனி மரச் சாமான் உண்டு. பெரிய பேரேட்டில் புத்தகப் பெயர்களை எழுதி வைத்தால், புதியதை நடுவில் நுழைக்க இடமிராது. ஐந்து அங்குல நீளம், மூன்று அங்குல அகலமுள்ள அட்டையில் புத்தகத்துக்கு ஒன்றாக எழுதி வைத்தால் எங்கே வேண்டுமானாலும் செருகலாம். இந்த அட்டைகளுக்காகவே சிறு சிறு இழுப்பறைகள் கொண்ட பெட்டகங்களைச் செய்வார்கள். ஒவ்வோர் அட்டையின் அடியிலும் ஒரு துளை. இழுப்பறையின் முன்னாலிருந்து பின்வரையில் ஒரு கம்பி அத்துளைகளின் வழியே ஓடும். அட்டையைப் புரட்டலாம், உருவிக் கொண்டு போக முடியாது. இழுப்பறை அரை அங்குலம் கூடுதலாக இருந்தால் அட்டை சாயும். குறைந்தால் மழைக்காலத்தில் மரம் ஊறிச் சிக்கிக் கொள்ளும். நல்ல தச்சர் கையில்தான் இந்தப் பெட்டகம் சரியாக அமையும்.

1936இல் கடற்கரையோரம் சேப்பாக்கத்தில் சர்வகலாசாலை நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. அதன் அமைப்பில் ரங்கநாதனின் கருத்துகள் இடம் பெற்றன. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தில் ஆவணத் துறைக் குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். நூலகக் கட்டட அமைப்புக்கு 1960இலும், மரத்தில் செய்யும் நூலகச் சாமான்களுக்கு 1961இலும் தேசிய அளவுகோல்கள் வெளியாயின. ஏதோ ஒரு சிற்றூரில் நூலகத்துக்கு அலமாரி செய்யும் தச்சருக்கும் கையில் ஓர் அளவு கிடைத்தது.

ஐந்து விதிகள்

இத்தனை விவரங்களுக்கும் அடிப்படையான தத்துவம் ஒன்று இருக்க வேண்டும் என்று அவருடைய கணித மனம் தேடியது. 1928இல் ஒருநாள் இந்தக் குழப்பத்தைக் குருநாதர் ராஸிடம் சொன்னபோது, முதல் விதிக்கு வழி காட்டியவர் அவர்தான். புத்தகம் இருப்பது பயன்படுவதற்காக என்பதே அது. மற்ற நான்கும் மளமளவென்று பிறந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புத்தகம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்து கொண்டே இருக்கும் உயிர். இவ்வளவுதான். இவற்றை விளக்கி 1931இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் நூலகப் பாடமாயிற்று.

முதல் விதி மிகச் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெர்ஃபோர்டு தேவாலயத்தில் அந்தச் சங்கிலி நூலகத்தை இன்றும் காணலாம். நம் ஊரிலோ ஏட்டுச் சுவடியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டு விட்டு, சரஸ்வதி பூஜைக்கு மட்டும் இறக்கிச் சந்தனம் வைத்தோம். சங்கிலியும் பூட்டும் பூஜையும் செய்த வேலை ஒன்றே.

அதே 1931இல் இன்னொரு புதுமையும் நடந்தது. மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்னும் அன்பர் ஒரு மாட்டு வண்டியையே நூலகமாக்கினார். மரத்தாலான கூண்டுக்குள் புத்தகங்களை அடுக்கிக் கொண்டு வண்டி கிராமம் கிராமமாகச் சென்றது. ரங்கநாதனும் சென்னை நூலகச் சங்கமும் ஊட்டிய உற்சாகம் அது. நூலகத்துக்கு வர முடியாத குடியானவனிடம் நூலகம் சென்றது.

வீடும் வேலையும்

இந்த வேள்விக்கு அவர் கொடுத்த விலை சிறிதல்ல. 1928இல் அவருடைய மனைவி ருக்மிணி ஒரு விபத்தில் காலமானார். மறு ஆண்டு சாரதாவை மணந்தார். அந்தத் திருமண நாளன்றும் பிற்பகலில் நூலகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார் என்பது அவரைப் பற்றி வழங்கும் பிரசித்தமான செய்தி. விடுமுறை என்பதை அவர் அறியார். உடுத்தது எளிய உடை. உண்டது எளிய உணவு. தம்மிடம் வேலை செய்தவர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். ஆகையால் அவரிடம் வேலை பார்ப்பது எளிதாக இருக்கவில்லை. நிர்வாகத்தோடும் மனக்கசப்பு ஏற்பட்டது. தாம் இருபது ஆண்டுகள் வளர்த்த நூலகத்தை விட்டு 1945இல் அவர் வெளியேறும்படி ஆயிற்று.

ஓய்வு கொள்ளலாம் என்றிருந்தவரைக் காசி ஹிந்து சர்வகலாசாலை அழைத்துக் கொண்டது. அங்கே சரிவர வகைப்படுத்தப்படாமல் கிடந்த புத்தகங்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். 53 வயதில் அவ்வளவையும் தாமே வகைப்படுத்தினார். 1947 முதல் டில்லிச் சர்வகலாசாலை. பிறகு சில ஆண்டுகள் ஸ்விட்ஜர்லாந்தில் ஜூரிச் நகரம். எங்கே இருந்தாலும் எழுத்து நிற்கவில்லை.

சட்டமாகிய கனவு

ஏழையின் வீட்டு வாசல் வரையில் புத்தகம் போக வேண்டுமானால், தனவந்தரின் தருமத்தை நம்பியிருக்கக் கூடாது; சர்க்கார் சட்டம் செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. 1930இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மகாநாட்டிலேயே மாதிரிச் சட்டம் ஒன்றை எழுதி வைத்தார். பல முயற்சிகள் பலிக்காமற்போயின. கடைசியில், சுதந்திரம் வந்த மறு ஆண்டு, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இதுவே முதல் நூலகச் சட்டம். வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கும் ஏற்பாடு இதன்படி வந்தது. ஜில்லாதோறும் மைய நூலகம், ஊர்தோறும் கிளை நூலகம் என்று ஏற்பட்டதும் இதனால்தான். காஞ்சிபுரத்து மாவட்ட மைய நூலகமும் இந்தச் சட்டத்தின் நிழலில் இயங்குவதே.

1957இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்ற பதவி. ஆனால் அவர் பெற்றதைவிடக் கொடுத்தது பெரிது. வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயை, தாம் கசப்போடு பிரிந்த அதே சென்னைச் சர்வகலாசாலைக்கே நூலகத் துறைப் பேராசிரியர் பதவி ஒன்றுக்காக அளித்தார். அதற்குத் தம் பெயரை வைக்கவில்லை. சாரதாவின் பெயரையே வைத்தார். 1962இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவி, இளைஞர்களைத் தயார் செய்து கொண்டே இருந்தார். 1972 செப்டம்பர் 27ஆம் தேதி, 80ஆம் வயதில், அங்கேயே அவர் உயிர் பிரிந்தது.

அவர் அளந்து சொன்ன அட்டைப் பெட்டகங்களில் பல இன்று காலியாகி விட்டன. அட்டையின் வேலையைக் கணிப்பொறி ஏற்றுக் கொண்டது. மர அலமாரிகளின் இடத்தில் இரும்புச் சட்டங்கள் வந்து விட்டன. ஆனால் கதவு மறுபடி வரவில்லை. காஞ்சியில் பிறந்து, புத்தகங்களோடு பிறந்தவர் போல வாழ்ந்த அண்ணாதுரையின் பெயரால் சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் மாபெரும் நூலகம் ஒன்று எழுந்தது. அங்கே மாடிக்கு மாடி அலமாரிகள் திறந்தே நிற்கின்றன. பள்ளிச் சிறுவன் ஒருவன் தனக்கு வேண்டிய புத்தகத்தை யாரையும் கேளாமல் தானே எடுத்துக் கொள்கிறான். அந்தச் சிறுவனுக்கு ரங்கநாதனின் பெயர் தெரியாமல் இருக்கலாம். சாவியைத் தேட வேண்டிய அவசியம் அவனுக்கு நேரவில்லை. அதற்காகத்தான் அவர் உழைத்தார்.